முழங்கால் வலியுள்ள அம்மாவோடு டெல்டாவில் பறவை பார்க்கப் போகலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது, போன வருடம் ஒரு முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், படி ஏறுவது கஷ்டம். அப்பாவுக்குப் பறவை என்றால் உயிர். ஜனவரி கடைசியில் மூன்று நாள் காவிரி டெல்டா பக்கம் போக நினைக்கிறோம். டூர் ஏஜென்ட் ஒருவர் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், முத்துப்பேட்டை படகு, கோடியக்கரை நான்கையும் ஒரே பகலில் காட்டுகிறேன், பூநாரையை (ஃபிளமிங்கோ) கிட்டத்தில் பார்க்க கேரண்டி, ராத்திரி சரணாலயத்துக்குள் ஒரு ரவுண்டும் உண்டு என்கிறார். மற்ற இரண்டு நாளும் கோயில்கள். முன்பணம் கொடுத்துவிட்டோம். அம்மாவால் முடியுமா? பைனாகுலர் எது வாங்கலாம்?

பதில்: அம்மாவால் முடியும். தாராளமாகக் கூட்டிப் போங்கள். எனக்குக் கவலை அந்த ஏஜென்டைப் பற்றித்தான், அவருக்கு அப்புறம் வருகிறேன்.

டெல்டாவில் ஏற்ற இறக்கம் கிடையாது. கல்லணைக்குக் கிழக்கே கடல் வரைக்கும் தட்டையான மண்தான், அங்கே உயரமான இடம் என்றால் ஏரிக்கரையும் ஆற்றங்கரையும் மட்டுமே. அந்தக் கரைமேல் நடப்பதுதான் உங்கள் அம்மாவுக்கு ஏற்ற நடை: அகலமான மண்பாதை, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், எப்போது வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம். ஆனால் கரையிலிருந்து வயல் வரப்பில் இறங்க விடாதீர்கள். ஜனவரியில் சம்பாவும் தாளடியும் வயலில் நிற்கும், வரப்பு ஈரமாக இருக்கும், ஒரு பாதம் வைக்கிற அகலம்தான் இருக்கும். சறுக்கினால் அறுவை சிகிச்சை செய்த கால்தான் முதலில் மடங்கும். "இந்த வரப்பில் பத்து அடி போனால் நல்லா தெரியும்" என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒருத்தர் இருப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்தப் பத்து அடியில் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. பார்வைக் கோபுரத்திலும் அம்மா ஏற வேண்டியதில்லை. மடக்கு ஸ்டூல் ஒன்று எடுத்துப் போய்க் கரையில் நிழல் பார்த்துப் போடுங்கள், அப்பா ஏறி இறங்கட்டும்.

முதல் நாள் மாலையில் வடுவூர். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி சாலையில் சுமார் 25 கிலோமீட்டர். காவிரித் தண்ணீர் வந்து நிரம்பும் பாசன ஏரி, 1999-ல் சரணாலயமானது. ஏரிக்குள் நிற்கிற கருவேல மரங்களில்தான் கூட்டம். நாலரை மணிக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் போதும். வயல்களில் பகல் முழுக்க மேய்ந்த நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கொக்கு, நீர்க்காகம் எல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்து இடத்துக்குச் சண்டை போடும். தண்ணீரில் நாமக்கோழி, ஊசிவால் வாத்து, கிளுவை. கூழைக்கடாவும் கரண்டிவாயனும் இருந்தால் அப்பாவைக் கிளப்பிக்கொண்டு வருவது சிரமம். இதற்கெல்லாம் அம்மா நடக்க வேண்டியது காரிலிருந்து கரை வரைக்கும்தான். ஊருக்குள் கோதண்டராமர் கோயில் இருக்கிறது, அவருக்கு அதுவும் ஆயிற்று.

அன்று தஞ்சாவூரில் தங்கிவிட்டு மறுநாள் வேதாரண்யம் போய்விடுங்கள், காரில் இரண்டரை மூன்று மணி நேரம். அங்கேயே ஒரு ராத்திரி தங்குங்கள். இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குச் சுமார் 12 கிலோமீட்டர் சாலை, அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தொட்டுக்கொண்டு தெற்கே போகும். பெரிய சதுப்பு முழுக்க அந்தச் சாலைக்கு மேற்கே, முத்துப்பேட்டை வரைக்கும் விரிந்து கிடக்கிறது. காலையில் மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறம், அலகு, கால் எல்லாம் தெளிவாகத் தெரியும். அதே இடத்தில் மாலை நான்கு மணிக்கு நின்றால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், எல்லாமே கறுப்பு உருவம்தான். தஞ்சாவூரில் காலைச் சாப்பாடு முடித்து, வழியில் இரண்டு இடம் பார்த்துவிட்டு வருகிற ஒரு நாள் பேக்கேஜ் கோடியக்கரையைத் தொடும்போது மணி நான்கு ஆகியிருக்கும். அந்த நேரத்தில் உங்களை இறக்கிவிட்டு "அதோ தெரியுது பாருங்க" என்பார்கள். நீங்களும் தலையாட்டிவிட்டு வருவீர்கள்.

உப்பளச் சாலையில் அம்மா காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம். பறவைகள் காருக்கு அவ்வளவாக மிரளாது, கதவைத் திறந்து ஆள் இறங்கினால்தான் எழும்பும். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்காருங்கள். அப்புறம் கோடியக்கரைச் சரணாலயத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் புல்வெளியில் வெளிமான்கள், ஊர்விட்டுக் காட்டில் திரிகிற மட்டக்குதிரைகள். குரங்குகள் உண்டு, வாழைப்பழத்தை வெளியே எடுக்காதீர்கள். தை அமாவாசையன்று மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், கடல் நீராட ஊரே திரண்டு வரும். நீங்கள் போகிற தேதிக்குப் பக்கத்தில்தான் அது வரும், காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேரண்டி. பூநாரை காட்டுக்குள் இருக்கும் பறவை இல்லை. உப்புத் தண்ணீர் தேங்கிய சேற்றுவெளியில், கரையிலிருந்து வெகுதூரம் தள்ளித்தான் நிற்கும். கிட்டத்தில் காட்டுவது என்றால் ஒன்று சேற்றில் இறங்கி நடக்க வேண்டும், இல்லை பறவையை விரட்டி உங்கள் பக்கம் பறக்க வைக்க வேண்டும். மேலே காய்ந்து வெடித்திருக்கிற அந்தச் சேறு கால் வைத்ததும் முழங்கால் வரை உள்ளே வாங்கும், இது அம்மாவுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் ஆபத்துதான். விரட்டுவது சட்டப்படியே குற்றம். சரணாலயத்தில் பறவையைத் துன்புறுத்துவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். ராத்திரி ரவுண்டும் அப்படித்தான், அனுமதி இல்லாமல் இருட்டில் உள்ளே நுழைந்தால் பிடிபடுவது வண்டியில் இருக்கிற நீங்கள். "நமக்கு ஸ்பெஷல் பர்மிஷன் இருக்கு சார்" என்றால் அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். அவர்கள் அனுப்புகிற படங்களையும் நம்பாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது, அதற்கு முந்தைய அடர்ந்த காட்டுப் படங்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. சோழர் காலக் கலங்கரை விளக்கமும் பட்டியலில் இருக்கிறதா? 2004 சுனாமியில் இடிந்தது அது, இப்போது இடிபாடுதான் மிச்சம். பூநாரை தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும், பறந்தால் இறக்கையின் சிவப்பும் கறுப்பும் தெரியும், அது கிடைத்தாலே நல்ல காலை என்று அப்பாவிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கேரண்டி கொடுக்க முடியாததற்கு இன்னொரு காரணம் தண்ணீர். இதை யாருமே விளக்கிச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். நல்ல மழை வந்த வருடம் பறவை அதிகமாகத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வடுவூருக்கு அது சரி. ஏரி நிறைய வேண்டும், மரங்கள் தண்ணீரில் நிற்க வேண்டும், அப்போதுதான் பறவைக்குக் கூடு பாதுகாப்பு. வேதாரண்யம் சதுப்பில் கதை தலைகீழ். அங்கே வருகிற பாதிப் பறவைகள் தண்ணீர்ப் பறவை என்பதைவிடச் சேற்றுப் பறவைகள். சைபீரியாவின் வடகோடியிலிருந்து வருகிற கொசு உள்ளானுக்கு முப்பது கிராம் எடைகூட இருக்காது, கால் உங்கள் சுண்டுவிரல் நீளம்தான். ஈரம் மினுங்குகிற சேறு இருந்தால்தான் அது இரை எடுக்க முடியும். நீண்ட காலுள்ள பவளக்காலி கொஞ்சம் ஆழத்தில் நிற்கும், பூநாரை இன்னும் ஆழத்தில். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த வருடம் ஜனவரியில் சதுப்பு முழுக்க ஒரே தண்ணீர்ப் பரப்பாகக் கிடக்கும். சின்ன உள்ளான்கள் நிற்க இடமில்லாமல் ஓரங்களுக்கும் உப்பளப் பாத்திகளுக்கும் ஒதுங்கும், பூநாரை எங்கே ஆழம் சரியாக இருக்கிறதோ அங்கே நகர்ந்துவிடும், அது பெரும்பாலும் சாலையே இல்லாத இடம். மழை பொய்த்த வருடத்திலோ சீக்கிரமே வற்றி உப்பு ஏறிப் பல இடம் வெறும் வெள்ளைத் தரையாகிவிடும். ஆக, அளவான மழை பெய்து, டிசம்பர் கடைசியில் நின்று, தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிற ஜனவரி, பிப்ரவரிதான் சதுப்புக்கு நல்ல காலம். அதனால் போகிற வருடம் மழை ரொம்ப அதிகம் என்றால் வடுவூருக்கு இரண்டு மாலை ஒதுக்குங்கள், கோடியக்கரையில் உப்பள ஓரத்தையே நம்புங்கள்.

இதைப் போவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பீர்கள். மேட்டூர் அணையின் நீர்மட்டம் தினமும் பேப்பரில் அடிவாரியாக வருகிறது. ஆனால் சதுப்பில் எவ்வளவு தண்ணீர், எந்தப் பக்கம் பறவை என்று சாதாரண ஆள் விசாரித்தால் பதில் கிடைக்கிற இடத்தை எனக்கும் யாராவது காட்டினால் நல்லது. கோடியக்கரை 2002-ல் ராம்சர் தலமானது (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பட்டம்), அதற்கப்புறம் இருபது வருடம் தமிழ்நாட்டுக்கு அது ஒன்றுதான் இருந்தது. 2022-ல் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் எல்லாம் சேர்ந்தன, விழாவும் செய்தியும் வந்தன. பட்டம் வந்த வேகத்தில், வயதானவர் உட்கார ஒரு பெஞ்ச், சுத்தமான கழிப்பறை, இன்றைக்கு என்ன நிலைமை என்று எழுதிப்போட ஒரு பலகை, இதெல்லாம் வருமா என்றால் வராது. போன் செய்தால் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் "நேரில் வாங்க" என்பார்கள். ஏஜென்ட்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். ஒரு வழி இருக்கிறது: இ-பேர்ட் என்ற இலவசத் தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால், சமீபத்தில் அங்கே போனவர்கள் எந்தத் தேதியில் என்ன பார்த்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். கிளம்புவதற்கு முந்தின வாரம் அதைப் பாருங்கள். கழிப்பறைக்கு ஊருக்குள் நல்ல ஓட்டல் பார்த்து, போகும்போதே நிறுத்திவிட்டுப் போங்கள்.

முத்துப்பேட்டைப் படகு அம்மாவுக்கு வேண்டாம். அலையாத்திக் காடு அருமையான இடம், கோரையாறு, பாமணியாறு எல்லாம் வந்து காயலில் கலக்கிற இடம், அப்பா தனியாகப் போகட்டும், வனத்துறை அனுமதியோடு, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு. ஆடுகிற படகில் கால் வைத்து இறங்குவதும், திரும்ப ஏறுவதும், நடுவில் நீட்டி மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருப்பதும் புது மூட்டுக்குச் சரிவராது. மற்றபடி படகிலிருந்து பறவை அதிகம் தெரியும் என்பதும் ஒரு நினைப்புதான், இரண்டு பக்கமும் மரச்சுவர்.

பைனாகுலர்: 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று கடைக்காரர் 20x50, ஜூம், ராணுவத்து மாடல் என்று எதையாவது எடுத்துக் காட்டுவார். பெரிதாக்க பெரிதாக்க கை நடுக்கமும் பெரிதாகும், அப்பா வயதில் அதில் ஒரு பறவையும் நிற்காது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் கண் வைக்கிற ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லித்தராமலே விற்றுவிடுகிறார்கள்.

உள்ளூரில் வழிகாட்டி வைத்துக்கொள்வதில் தப்பில்லை, ஊர்க்காரர்கள் நன்றாகவே தெரிந்தவர்கள். போனில் பறவைக் குரலைப் போட்டு இழுக்கிறவர், கல் எறிந்து பறக்க வைக்கிறவர் என்றால் பாதியிலேயே அனுப்பிவிடுங்கள்.

முன்பணத்துக்கு வருகிறேன். முதலில் முழுத் திட்டத்தையும் எழுத்தில் கேளுங்கள்: எந்த வண்டி, எந்த ஊரில் எத்தனை மணிக்கு, நுழைவுச் சீட்டு அதில் அடக்கமா, படகுக்கு யார் அனுமதி. ராத்திரி ரவுண்டை எடுத்துவிட்டு, வடுவூர் மாலை, வேதாரண்யத்தில் தங்கல், உப்பளம் காலை என்று மாற்றித் தந்தால் அவரோடே போகலாம். மாட்டேன் என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டாலும் அதற்காக அந்த வண்டியில் ஏறாதீர்கள். தஞ்சாவூரில் ஒரு டாக்ஸியை மூன்று நாளைக்குப் பேசிக்கொள்ளுங்கள், முன்சீட்டு நன்றாகப் பின்னால் தள்ளுகிற வண்டியாகக் கேளுங்கள், அம்மா காலை நீட்டிக்கொள்ள வேண்டும்.