கேட்டோவின் குதிரை

கேள்வி: பழைய ரோமில் கேட்டோ என்றொரு தலைவர், பொதுப் பணத்தில் கை வைக்காதவர், எளிமையாக வாழ்ந்தவர் என்று படித்தேன். அப்படி ஒருவர் நமக்குக் கிடைக்க மாட்டாரா?

பதில்: கேட்பதற்கு முன் அவரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடுங்கள்.

பொதுப் பணத்தில் கை வைக்காதவர், சரிதான். கி.மு. 234-இல் டஸ்குலத்தில் பிறந்த விவசாயி மகன். பெரிய குடும்பப் பின்னணி எதுவும் இல்லாமல் கி.மு. 195-இல் ரோமின் உச்சப் பதவியான கான்சல் ஆனார். ஸ்பெயினில் சண்டை முடித்துத் திரும்பும்போது, தான் ஏறிய போர்க்குதிரையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அதற்கான கப்பல் கூலி அரசுக் கணக்கில் ஏறிவிடுமாம்! இதை எழுதிவைத்த, பிற்காலத்துக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், இது பெருந்தன்மையா அற்பத்தனமா என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார்.

கேட்டோ எழுதிய விவசாய நூல் இன்றும் கிடைக்கிறது. முட்டைக்கோஸ் எந்தெந்த நோய்க்கு நல்லது என்று பக்கம் பக்கமாகப் புகழ்ந்திருப்பார். அதே நூலில் பண்ணை முதலாளி எதையெல்லாம் விற்றுத் தள்ள வேண்டும் என்றும் சொல்கிறார்: ஓய்ந்துபோன மாடு, பழைய வண்டி, பழைய இரும்புச் சாமான், கிழட்டு அடிமை, நோயாளி அடிமை. ஒரே மூச்சில். எனக்கு உழைத்த மாட்டைக்கூட வயதாகிவிட்டது என்று விற்க மாட்டேன் என்று புளூட்டார்க்குக்கே கோபம் வந்துவிட்டது.

எளிமை? கேட்டோவைப் போன்ற செனட்டர்கள், அதாவது ரோமின் ஆட்சி மன்றமான செனட்டின் உறுப்பினர்கள், பெரிய கப்பல் வைத்துக்கொள்ள ரோமில் சட்டப்படி தடை இருந்தது. இவர் கப்பல் வியாபாரத்துக்குக் கடன் கொடுத்தார். கடன் கேட்டு வருகிறவர்கள் ஐம்பது பேராகச் சேர்ந்து ஐம்பது கப்பலோடு வர வேண்டும். அதில் தனக்கும் ஒரு பங்கு. அதைக் கவனித்துக்கொள்ள, தான் விடுதலை செய்த குயின்டியோ என்கிற ஆள். பெயரும் கெடாது, முதலும் முழுகாது. இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்ல உங்களுக்கு நான் தேவையில்லை.

அப்புறம் அந்த அத்திப்பழம். செனட்டில் மேலங்கியை உதறிப் பழங்களைக் கீழே விழவிட்டார். இவை விளைந்த மண் கடல்வழி மூன்றே நாள் தூரம், அங்கே வட ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் எதிரி நகரமான கார்த்தேஜை அழித்தே தீர வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றார். போர் தொடங்கிய கி.மு. 149-லேயே இறந்துவிட்டார். மூன்று ஆண்டு கழித்து நகரம் எரிந்தது. சரணடைந்து வெளியே வந்த சுமார் 50,000 பேரை அடிமைகளாக்கினார்கள்.