ஐரோப்பாவில் செஸ்ஸும் ஆடலாம், ஊரும் பார்க்கலாமா?

ஈரோட்டு வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வயது 41, வங்கியில் வேலை. ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) தரும் ரேட்டிங் 1560. மனைவி, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளோடு ஐரோப்பா போகப் பணம் சேர்த்து வருகிறேன். 18 நாள் விடுப்பு கிடைக்கும். அங்கே ஒரு சர்வதேசப் போட்டியில் ஆடிவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. என் ரேட்டிங்குக்குச் சேர்த்துக்கொள்வார்களா? வீட்டாருக்குச் சலிப்புத் தட்டாமல் இரண்டையும் செய்ய முடியுமா?”

தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். யாரும் பெயர் கொடுத்து ஆடக்கூடிய ஓப்பன் போட்டிகள் நடப்பதே உங்களைப் போன்றவர்கள் கட்டும் நுழைவுக் கட்டணத்தில்தான். பெரிய போட்டிகளில் ரேட்டிங் வாரியாகப் பிரிவுகள் இருக்கும். கிராண்ட்மாஸ்டர்கள் ஆடும் மேல்பிரிவு அந்தந்தப் போட்டி வைத்திருக்கும் ரேட்டிங் வரம்பைத் தாண்டியவர்களுக்கு, மற்றதெல்லாம் நமக்கு. ஒரு படி மேலே போய் 2000 ரேட்டிங்காரர்களோடு மோதலாமே என்று தோன்றும். குடும்பத்தோடு போகும்போது அது வேண்டாம். தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றவர் இரவுச் சாப்பாட்டில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பது உங்கள் மனைவிக்குத் தெரியும். உங்கள் ரேட்டிங் நடுவில் வரும் பிரிவே சரி.

இனி நேரக் கணக்கு. முதலில் பார்க்க வேண்டியது நாளுக்கு எத்தனை சுற்று என்பதைத்தான். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 30 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் 60 நகர்த்தல் போனால் ஆளுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் நான்கு மணி. இப்படி ஒரே நாளில் இரண்டு சுற்று வைக்கும் போட்டிகளும் உண்டு. அங்கே போனால் நீங்கள் பார்க்கும் ஊர் விடுதிக்கும் அரங்குக்கும் இடையிலுள்ள தெரு மட்டும்தான். நாளுக்கு ஒரே சுற்று, அதுவும் பிற்பகலில் தொடங்கும் போட்டி வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்லும் இடம் பார்சலோனா. ஆகஸ்ட் பின்பாதியில் சான்ட்ஸ் பகுதியில், பழைய டிராம் பணிமனையாக இருந்த ஒரு கட்டடத்தில் ஓப்பன் நடக்கும். பத்து சுற்று, பிற்பகல் ஆட்டம். நகரின் முக்கிய ரயில் நிலையமான சான்ட்ஸ் நடக்கும் தூரம். காலையில் மூவரும் சக்ராடா ஃபமிலியா தேவாலயமோ கட்டடக் கலைஞர் கௌடியின் குயெல் பூங்காவோ போய்விட்டு, மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்து நீங்கள் அரங்குக்குப் போகலாம். அவர்கள் கடற்கரைக்குப் போகட்டும். காலையில் எட்டுக் கிலோமீட்டர் வெயிலில் அலைந்துவிட்டு நேரே போய் உட்காராதீர்கள். இருபதாவது நகர்த்தலுக்கு மேல் கண் சொருகும். குதிரை எங்கே நிற்கிறது என்பதே தெரியாது.

தனியாகப் போவதானால் ஜூலையில் செக் நாட்டின் பார்டுபிட்ஸேயைச் சொல்லியிருப்பேன். பிராகிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஐஸ் ஹாக்கி அரங்கம் முழுக்க மேசை போட்டு ஆடுவார்கள். செஸ் பைத்தியத்துக்கு அதைவிடச் சுகமான இடம் குறைவு. ஆனால் பத்து வயதுப் பெண்ணுக்கு அங்கே பத்து நாள் பொழுது போகாது. ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸேயில் டாடா ஸ்டீல் போட்டி நடக்கும் அதே கூடத்தில் அமெச்சூர்களும் ஆடுவார்கள். ஆனந்த் 5 முறை பட்டம் பெற்ற, 2025இல் பிரக்ஞானந்தா டைபிரேக்கில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டங்களில்) குகேஷை வென்ற அரங்கம் அது. நம் பலகையிலிருந்து எழுந்து நாலடி நடந்தால் அவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம் என்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காத பாக்கியம். வடகடல் குளிர் மட்டும் கடுமை.

பார்சலோனாவில் இருக்கும்போது ஒரு முழுநாள் அருகிலுள்ள மோன்ட்செராட் மலைக்குப் போக ஆசையா? ‘பை’ (bye) எனப்படும் ஓய்வுச் சுற்று கேளுங்கள். முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் ஒரு சுற்று ஆடாமலே அரைப் புள்ளி தரும் போட்டிகள் பல. எத்தனை, எந்தச் சுற்று வரை என்பது ஒவ்வொரு போட்டியின் விதியிலும் இருக்கும்; கடைசிச் சுற்றுகளில் பெரும்பாலும் கிடையாது.

ரேட்டிங் இறங்கிவிடுமோ என்ற பயத்தை விடுங்கள். 30 ஆட்டங்களைத் தாண்டியிருந்தால் உங்கள் கே எண் (ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைக் கணக்கிடும் பெருக்கெண்) 20. எதிர்பார்ப்பைவிட இரண்டு ஆட்டப் புள்ளி குறைவாக எடுத்தாலும் ரேட்டிங்கில் போவது 40. ஊர் திரும்பி மீட்டுவிடலாம்.

கைப்பேசி விஷயத்தில் மட்டும் பயம் இருக்க வேண்டும். காலையெல்லாம் படம் எடுத்த கைப்பேசி சட்டைப் பையிலேயே இருந்து நடுவர் கண்ணில் பட்டால் ஆட்டம் போய்விடும். விடுதியில் வைத்துவிட்டு வருவது உத்தமம்.

ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டு ஓடிவிடாதீர்கள். பக்கத்தில் ஆய்வு அறை இருக்கும். எதிராளியோடு காய்களை மறுபடி அடுக்கி, திருப்பம் வந்த இடத்தைப் பாருங்கள். அவருக்கு ஆங்கிலம் வராமல் இருக்கலாம். மந்திரியை எடுத்து ஒரு கட்டத்தில் வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார், நீங்கள் யானையை நகர்த்திப் பதில் சொல்வீர்கள், அவர் தலையில் கைவைத்துக்கொள்வார். சுற்றுலாப் பேருந்தில் வராத பழக்கம் அந்த இருபது நிமிடத்தில் வரும். எங்கே நல்ல சாப்பாடு, அவருடைய கிளப்பில் என்றைக்கு பிளிட்ஸ் (சில நிமிடத்தில் முடியும் வேக ஆட்டம்) என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். செஸ் ஆடுகிற நாங்கள் ஊர் ஊராகப் போவதே இதற்காகத்தான் என்பேன்.

விசா: ஸ்பெயினில்தான் அதிக நாள் தங்குகிறீர்கள் என்றால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை ஸ்பெயினிடம் கேளுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு நேரம் கிடைப்பது சிரமம். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கட்டியதும் அமைப்பாளர்களிடம் அழைப்புக் கடிதம் கேட்டு வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். அகில இந்திய செஸ் கூட்டமைப்பில் உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஆகஸ்டில் மகளுக்குப் பள்ளி இருக்கும். லீவு தரமாட்டார்கள் என்றால் ஏப்ரலில், சித்திரைப் பிறப்பையொட்டி தாய்லாந்தில் நடக்கும் பாங்காக் செஸ் கிளப் ஓப்பனை யோசியுங்கள். ஐரோப்பா அடுத்த முறை ஆகட்டும்.

திரும்பும் விமான டிக்கெட்டைக் கடைசிச் சுற்று நாளில் போடாதீர்கள். அன்றைக்கு ஆட்டம் பல இடங்களில் காலையிலேயே தொடங்கும், பரிசளிப்பும் இருக்கும். மிச்சமுள்ள நாட்களைப் போட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மூவருமாக ரயிலேறி மாட்ரிடுக்குப் போங்கள். மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம்.