பம்பிங் எவ்வளவு? வால்வு மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் எடுப்பது) அறையில் 22 வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டோடு இருக்கிறேன். பிறவி இதயக் குறை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் குழுவில் வால்வு மாற்று பற்றிக் கேட்கச் சொன்னேன். வந்தவற்றில் சில இங்கே. நான் டாக்டர் இல்லை, படம் எடுத்தவள். ஆபரேஷன் தேதியை என்னிடம் கேட்காதீர்கள்.

தண்டையார்பேட்டை அம்மா ஒருவர்: மகளுக்கு 19 வயது. 3 வயதில் ஃபேலோ என்ற பிறவி இதயக் குறைக்கு ஆபரேஷன் ஆனது. இப்போது நுரையீரல் பக்க வால்வு லீக் என்று எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார்கள். வருடாவருடம் எக்கோ எடுக்கிறோமே, போதாதா? மூன்று மாடி ஏறி இறங்குகிறாள், ஒன்றும் தெரியவில்லை.

அக்கா, லீக் எப்படி வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஃபேலோ குறையில் ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது. நுரையீரலுக்கு ரத்தம் போகும் குறுகிய வழியையும் விரிக்க வேண்டும். வால்வின் வளையமே சின்னதாக இருந்தால் அதையும் வெட்டி ஒட்டுப் போடுவார்கள். வழி திறந்துவிடும், ஆனால் அதன்பிறகு வால்வு சரியாக மூடாது. அன்றைக்குப் பிள்ளையைக் காப்பாற்றியது அந்த ஒட்டுதான், யார் மேலும் குற்றமில்லை.

அனுப்பிய ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் வலது கீழ் அறைக்கே திரும்பி வருகிறது. அதையும் சேர்த்து வாங்கி வாங்கி அறை பெருக்கிறது. பத்து, இருபது வருடம் வாய் திறக்காமல் தாங்கும். அதனால்தான் மாடிப்படியை நம்பாதீர்கள் என்கிறேன். சின்ன வயதிலிருந்தே இப்படி இருப்பவர்களுக்குத் தங்கள் மூச்சு குறைவு என்பதே தெரியாது. டிரெட்மில்லில் ஏற்றினால்தான் வெளியே வரும்.

சரி, எக்கோ ஏன் போதவில்லை? இடது அறை முட்டை வடிவம். இரண்டு கோணத்தில் அளந்தால் கொள்ளளவு ஏறக்குறைய வந்துவிடும். வலது அறையோ அதன்மேல் பிறை போலச் சுற்றிக்கொண்டு நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நெஞ்சில் வைக்கும் எக்கோ கருவியான புரோப்பை எங்கே வைத்தாலும் ஒரு ஓரம் விட்டுப்போகும். எத்தனையோ மாலைகள் அந்த ஓரத்துக்காகவே நோயாளியைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்திருக்கிறேன். எம்.ஆர்.ஐ. அறையை அடியிலிருந்து நுனிவரை பிரெட் துண்டு போல வெட்டிப் பார்த்து, எல்லாத் துண்டையும் கூட்டி மில்லியில் சொல்லிவிடும். எத்தனை பங்கு திரும்புகிறது என்பதையும் அளந்துவிடும். அழுத்தம், குறுகல், டிரைகஸ்பிட் வால்வு (வலது மேல், கீழ் அறைகளுக்கு நடுவில் இருப்பது) லீக் இதெல்லாம் எக்கோவின் வேலை. இரண்டும் வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது. ஒரு மணி நேரம் ஆகலாம். நடுநடுவே மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள், வீட்டிலேயே பழகிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பெரம்பூரிலிருந்து: தம்பியின் ரிப்போர்ட்டில் வலது அறை 158 என்று இருக்கிறது. 160 வந்தால்தான் வால்வு மாற்றுவார்களாம். 2 மில்லிக்காகக் காத்திருப்பதா?

1975இல் நாட்டின் முதல் இதய பைபாஸ் ஆபரேஷன் நடந்த ஊர்க்காரர் கேட்கிறீர்கள், ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். அந்த 158 என்பது ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு இத்தனை மில்லி என்ற கணக்கு. தம்பியின் பரப்பு 1.6 என்றால் அறை முழுசாக விரியும்போது சுமார் 250 மில்லி பிடிக்கிறது. 160ஐத் தாண்டிவிட்டால் வால்வு மாற்றிய பிறகும் அறை பழைய அளவுக்குச் சுருங்குவது கடினம், கோடு அங்கே போடப்பட்டது அதனால்தான். சுருங்கிய நிலையில் 80 என்று இன்னொரு கோடும் உண்டு, அதையும் பாருங்கள்.

ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே சில மில்லி வித்தியாசம் வரும். ஆகவே 158ம் 160ம் ஒன்றுதான். போன ஸ்கேனில் எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. 130லிருந்து 158க்கு ஏறியவரும், ஐந்து வருடமாக 158லேயே நிற்பவரும் ஒரே நிலையில் இல்லை. சீக்கிரமே மாற்றிவிடலாமே என்றால், திசு வால்வு பெரும்பாலும் 10, 15 வருடம்தான் உழைக்கும். அவசரப்பட்டால் ஆயுளில் ஒரு ஆபரேஷன் கூடிவிடும்.

வியாசர்பாடியிலிருந்து: கணவருக்கு மாற்றுவதற்கு முன் வலது பக்க பம்பிங் 48 சதவீதம். ஒரு வருடம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் 47. இவ்வளவு செலவு செய்தும் வீண்தானா?

இல்லைம்மா. பம்பிங் என்பது அறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் பங்கு. பென்சில் எடுங்கள். முன்பு அறையில் 250 மில்லி என்று வையுங்கள். 48 சதவீதம் என்றால் 120 வெளியே போகிறது. அதில் 40 சதவீதம் லீக் என்றால் 48 திரும்பிவிட்டது, நுரையீரலுக்குச் சேர்ந்தது 72. இப்போது அறை 160 மில்லிக்குச் சுருங்கியிருக்கிறது என்று வையுங்கள், 47 சதவீதம் என்றால் 75. அத்தனையும் போய்ச் சேருகிறது. 120 தள்ளி 72 கொடுத்த அறை, இப்போது 75 தள்ளி 75 கொடுக்கிறது. சதவீதம் அப்படியே நிற்பதுதான் இந்த வால்வில் வழக்கம். ரிப்போர்ட்டில் அறையின் கொள்ளளவு இருக்கும் வரியைத் தேடுங்கள்.

இடது பக்க மைட்ரல் வால்வில் இன்னும் விநோதம். மாற்றியதும் பம்பிங் குறைந்தே காட்டும். லீக் இருந்தவரை ரத்தம் பின்பக்கம் சுலபமாக ஓடியது, அதுவும் பம்பிங் கணக்கில் சேர்ந்துகொண்டது. அந்தக் கள்ள வழி அடைபட்டதும் உண்மையான பலம் தெரிகிறது.

திருவொற்றியூரிலிருந்து: புது வால்வில் கிரேடியன்ட் 16 என்று எக்கோவில் போட்டிருக்கிறது. அடைப்பா?

கிரேடியன்ட் என்பது வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம். அந்த எண் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்தச் செயற்கை வால்விலும் கொஞ்சம் கிரேடியன்ட் இருக்கும். ரத்தம் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனாலே 16 வந்துவிடும். ஆபரேஷன் ஆன முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த எக்கோ அந்த வால்வின் ஜாதகம். அதில் 14 இருந்து இப்போது 16 என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். 14 இருந்து 40 ஆனால் உடனே டாக்டரிடம் போங்கள்.

காசிமேட்டு அண்ணன்: எனக்கு உலோக வால்வு. எம்.ஆர்.ஐ. காந்தம் பிடுங்கிவிடாதா?

பிடுங்காது அண்ணே. இன்று புழக்கத்தில் உள்ள செயற்கை வால்வுகளோ, நெஞ்செலும்பைக் கட்டிய கம்பியோ அதற்கு மசியாது. வால்வைச் சுற்றிப் படத்தில் கறுப்பாக நிழல் விழும், அவ்வளவுதான். பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வால்வு கார்டையும் எடுத்துப் போங்கள்.

எர்ணாவூரிலிருந்து: 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் மகனின் ஃபைல் முழுக்கப் போய்விட்டது. இப்போது முன், பின் என்று எதை ஒப்பிடுவது?

ஃபிலிம் போனால் போகட்டும். ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் ரெக்கார்டு அறையில் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும் கேட்டு எழுதிக் கொடுங்கள். வளையத்தை வெட்டி ஒட்டுப் போட்டார்களா என்பது குறிப்பில்தான் இருக்கும். ஸ்கேன் சென்டரிலும் பழைய படம் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று கேளுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் இப்போது எடுப்பதையே முதல் ஸ்கேனாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்ததையும் அதே சென்டரில் எடுங்கள். எடுத்த கையோடு ரிப்போர்ட்டைப் போனில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் சித்திக்கோ மாமாவுக்கோ அனுப்பிவையுங்கள்.