மனநோய் சிகிச்சை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தம்பிக்கு மனச்சிதைவு நோய். திருவண்ணாமலை பக்கத்துக் கிராமத்திலிருந்து மாதாமாதம் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்குகிறோம். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகிறது. பக்கத்திலேயே வாங்க வழியில்லையா?

பதில்: உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. உங்கள் மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தாலுகா ஜி.எச்.களுக்கு மனநல மருத்துவர் குறிப்பிட்ட கிழமையில் வந்து போவார். அந்தக் கிழமை தெரியாமல் போய்த் திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்திலோ 104 மருத்துவ உதவி எண்ணிலோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அடுத்த முறை கீழ்ப்பாக்கம் போகும்போது, உள்ளூரில் சிகிச்சை தொடரக் கடிதம் கேட்டு வாங்குங்கள். உள்ளூர் டாக்டரிடம் அந்தக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஓ.பி. சீட்டு, காலி மாத்திரை அட்டை நான்கையும் காட்டுங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே தம்பியையும் அழைத்துப் போங்கள். கையிருப்பு இல்லாவிட்டால் வேறு மாத்திரையோ வேறு மில்லிகிராமோ தருவார்கள். 2 மி.கி. இருந்த இடத்தில் 1 மி.கி. வந்தால் இரண்டாகப் போட வேண்டும். இதை யாரும் சொல்லாமல் விட்டு, பாதி மருந்திலேயே மாதம் ஓடி, நோய் திரும்புவது உண்டு. அட்டையைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

தம்பி குளோசபின் என்ற மனச்சிதைவு மாத்திரையைச் சாப்பிடுகிறார் என்றால் அவசரப்பட வேண்டாம். முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்தத்தில் வெள்ளை அணுக்களைப் பார்க்க வேண்டும், பிறகும் இடைவெளி விட்டுத் தொடரும். அந்தப் பரிசோதனை உள்ளூரில் தவறாமல் நடக்கும் என்று உறுதியான பிறகு மாறுங்கள்.

கேள்வி: அண்ணன் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். சாப்பாட்டில் மாத்திரையைக் கலக்கு என்கிறார் மாமா. கட்டித் தூக்கிப் போகலாம் என்பவர்களும் உண்டு.

பதில்: இரண்டும் வேண்டாம். சாம்பாரில் கலந்தால் எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது. என்றைக்காவது கண்டுபிடித்துவிட்டால், 'விஷம் வைக்கிறார்கள்' என்று அவர் சந்தேகப்படுவதற்கு நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள். அப்புறம் வீட்டுச் சோறே இறங்காது. சங்கிலி போடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த குடிசை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை.

முதலில் நீங்கள் மட்டும் ஓ.பி.க்குப் போய் டாக்டரிடமோ சமூகப் பணியாளரிடமோ பேசுங்கள். எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, என்ன பேசுகிறார், யாரை அடித்தார் என்று தேதியோடு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். 14416-இல் அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலிமானஸ் ஆலோசகரிடம் தமிழிலேயே கேட்கலாம். அண்ணனிடம் மனநோய்ப் பேச்சை எடுக்காமல், 'தூக்கம் வரவில்லையே, அதற்குப் பார்ப்போம்' என்று அழையுங்கள். அது பொய்யும் இல்லை. தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. அவர் சம்மதித்தால் அதையும் கேளுங்கள்.

தன்னையோ பிறரையோ தாக்குகிறார், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்றால் சட்டம் வழி தருகிறது. அதே 2017 சட்டத்தின் பிரிவு 89-இன்படி, நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவருக்குத் துணை நிற்பவராக, நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவர் அல்லது மனநல நிபுணரும் தனித்தனியே பரிசோதித்து ஒப்பினால் 30 நாள் வரை சேர்க்கலாம். சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள்ளோ அந்தப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். உயிருக்கே ஆபத்து என்றால் 108-ஐ அழையுங்கள். பிரிவு 94-இன்படி எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம்.

கேள்வி: மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனோம். மனநோயுள்ள அக்காவுக்குப் பாதிப்பு 40 சதவீதம் வரவில்லை என்றார்கள்.

பதில்: 40-க்குக் குறைந்தால் சலுகைகள் கிடைக்காது. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும், நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். பழைய ஓ.பி. சீட்டுகள் இல்லாமல் போனால் வருடக் கணக்கில் மதிப்பெண் குறையும். இன்னொன்று, அன்றைக்கு மட்டும் தலை வாரி, நல்ல புடவை கட்டி அழைத்துப் போய், 'இப்போ பரவாயில்லைங்க' என்கிறோம். குளிக்க எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது, கடைக்குத் தனியாகப் போகிறாரா, கடைசியாக எப்போது வேலைக்குப் போனார் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி மறுபடி விண்ணப்பியுங்கள்.