‘மறந்துபோச்சு’ என்றால் அபராதம் விடுமா?

பாளையங்கோட்டையில் ரொம்ப வருஷமாக வரிக் கணக்கு பார்க்கிறவன் என்பதால் வாசகர்களின் வரிக் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். கீழே சொல்வதெல்லாம் 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தை வைத்து.

பத்தமடையிலிருந்து: அண்ணாச்சி, கடை வாடகையைக் கணக்கில் காட்ட மறந்துட்டேன். ஏமாத்தணும்னு நினைக்கவே இல்லை. அபராதம் போடலாமா?

போடலாம் தம்பி. மறைத்தால் அபராதம் என்ற 271(1)(சி) பிரிவில் ‘வேண்டுமென்றே’ என்ற சொல் இருந்தது, 1964-ல் எடுத்துவிட்டார்கள். அப்புறமும் சண்டை ஓயவில்லை. 2007-ல் திலீப் ஷெராஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம், கெட்ட எண்ணம் இருந்ததைத் துறைதான் காட்ட வேண்டும் என்றது. அடுத்த வருஷமே தர்மேந்திரா டெக்ஸ்டைல் வழக்கில், மூன்று நீதிபதிகள் அதைத் தள்ளிவிட்டார்கள்: இது சிவில் பொறுப்பு, எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று. அது கலால் வரி வழக்கு என்பது வேறு கதை.

அதற்காக உங்கள் மனசுக்கு மதிப்பே இல்லை என்று நினைக்காதீர்கள். 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (வருமானம் வந்ததற்கு அடுத்த வருஷம்தான் மதிப்பீட்டு ஆண்டு) அந்தப் பழைய பிரிவுக்குப் பதில் 270ஏ பிரிவு. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அதற்குரிய வரியில் 50 சதவீதம். விவரத்தை மறைத்தோ பொய்யாகவோ ‘தவறாகக் காட்டினால்’ 200. விட்டுப்போன வரி 40,000 ரூபாய் என்றால் அபராதம் 20,000-மா 80,000-மா என்பதுதான் கேள்வி. நல்லெண்ணத்தோடு தந்த விளக்கம், விவரம் எதையும் மறைக்கவில்லை, இரண்டும் அதிகாரிக்குத் திருப்தி தந்தால் அந்தத் தொகைக்கு அபராதமே கிடையாது. முந்தைய வருஷக் கணக்குகளை எடுத்து வையுங்கள். நாலு வருஷம் வாடகையைக் காட்டி ஒரு வருஷம் விட்டிருந்தால் மறதி. ஐந்து வருஷமும் விட்டிருந்தால் நானே நம்ப மாட்டேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: அப்பள வியாபாரம். சில்லறை விற்பனை சிட்டையில் (அன்றாடக் குறிப்பு நோட்டில்) இருக்கு, பேரேட்டில் (முறையான கணக்குப் புத்தகத்தில்) ஏறலை.

இதே மாதிரி ஒருவர் என்னிடம் வந்தார். சிட்டை முழுக்க எண்ணெய்க் கைத்தடம். பேரேடு கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே பளபளவென்று. வரவைக் கணக்குப் புத்தகத்தில் பதியாமல் விடுவதைத் ‘தவறாகக் காட்டியது’ என்ற பட்டியலில் சட்டமே பெயர் சொல்லி வைத்திருக்கிறது. 200 சதவீதத்துக்குத் தயாராக இருங்கள்.

களக்காட்டிலிருந்து: சொந்தத் தோட்டத்து வாழைத்தாரோடு மற்றவர்களிடம் வாங்கி விற்றதையும் விவசாய வருமானம் என்று போட்டுட்டேன்.

வாங்கி விற்றது வியாபாரம். கொள்முதலை மறைத்துவிட்டு மொத்தத்தையும் தோட்டத்து விளைச்சல் என்றால் சிக்கல்தான். அடங்கலில் (கிராமத்து நிலக் கணக்கில்) இருக்கிற ஏக்கருக்கும் மண்டிச் சீட்டில் இருக்கிற தாருக்கும் பொருந்தாதே! விவரம் அத்தனையும் காட்டி, கோரிக்கை மட்டும் செல்லாமல் போனால் கதை வேறு. பழைய பிரிவின் கீழ் 2010-ல் ரிலையன்ஸ் பெட்ரோபுராடக்ட்ஸ் வழக்கில், செல்லாத கோரிக்கை என்பதாலேயே அபராதம் விழாது என்று தீர்ப்பு வந்தது.

மேலப்பாளையத்திலிருந்து: ஜெயில் உண்டா சார்?

அது 276சி, கிரிமினல் வழக்கு. அங்கே ‘வேண்டுமென்றே’ இருந்தாக வேண்டும். ஆனால் அந்த எண்ணம் இருந்ததாகவே 278இ பிரிவு கோர்ட்டை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில்.

வள்ளியூரிலிருந்து: 50 சதவீத நோட்டீஸ்தான். சண்டை வேண்டாம், கட்டிவிட்டால் விடுவார்களா?

வரியையும் வட்டியையும் கட்டி, மேல்முறையீடு போகாமல், படிவம் 68 கொடுத்தால் அபராதத்திலிருந்து விலக்கு கேட்கலாம். வரி மதிப்பீட்டு உத்தரவு ஜூலை 5 கையில் கிடைத்தால் ஆகஸ்ட் 31 வரை நேரம். கவரைத் தூக்கிப் போடாதீர்கள், தேதி அதில்தான் இருக்கும்.