மூளையைத் தாக்கும் அமீபாவை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாதா?

கேரளச் செய்திகளைப் படித்துவிட்டு இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வசிப்பவன், மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

நெக்லேரியா ஃபவுலெரி என்னும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. நீர் மூக்கில் ஏறும்போது அது வாசனை நரம்பின் வழியே நேராக மூளைக்குப் போய்விடுவதால், ரத்தத்தில் அதைத் தேடிப் பயனில்லை. (தண்ணீரைக் குடிப்பதால் இந்நோய் வராது.) காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி என்று தொடங்குவதால் எங்கள் ஊர்க் கிளினிக்கில் முதலில் டிங்கிப் (டெங்கு) பரிசோதனைதான் செய்வார்கள், டிங்கி ஆண்டு முழுவதும் உள்ள நாட்டில் அது நியாயமும்கூட.

சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து எடுக்கும் நீரில் வெள்ளணுக்கள் மிகுந்து, சர்க்கரை குறைந்து, புரதம் கூடியிருக்கும்; பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலிலும் இதே நிலைதான். ஆனால் பாக்டீரியாவுக்கு நிறமூட்டிக் காட்டும் கிராம் சாயமேற்றிப் பார்த்தால் பாக்டீரியா எதுவும் தென்படாது. ஆய்வுக்கூடத்தாருக்குச் சந்தேகம் தட்ட வேண்டிய இடம் அதுவே. அந்த நீரைக் குளிர்பெட்டியில் வைத்துவிடாமல், எடுத்த சூட்டோடு ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அசையாமல் கிடக்கும் அமீபாவை வெள்ளணு என்றே எண்ணிவிடத் தோன்றும். உயிர்ப்போடு இருந்தால் உடலின் ஒரு பக்கம் மழுங்கலாகப் பிதுங்க, மீதி உடல் அதன் பின்னால் வழிந்து நகரும். அமீபாவின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை நோயை உறுதிப்படுத்தும் என்றாலும், நோயாளிகளில் 100க்கு 97 பேருக்கு மேல் பெரும்பாலும் சில நாள்களிலேயே இறந்துபோகிற நோய் இது என்பதால், முடிவுக்குக் காத்திராமல் ஆம்போடெரிசின்-பி, மில்டெஃபோசின் போன்ற மருந்துகளைத் தொடங்குவதே முறை.

மூளையைத் தாக்கும் வேறு அமீபாக்களான அகந்தமீபா, பலமுத்தியா ஆகியவற்றின் கதை வேறு. அவற்றால் வந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வளரும் நோய் ஸ்கேனில் கட்டி என்றோ காசநோய் என்றோ தோன்றக்கூடும். பல சமயம் மூளைத் திசுவைச் சிறிது எடுத்துப் பார்த்தால்தான் தெரியவரும்.

ஆகவே, காய்ச்சலுக்கு முந்தைய 12 நாள்களுக்குள் நோயாளி பழைய ஈயக்குட்டையிலோ (வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய குட்டை) தோட்டத்து வாய்க்காலிலோ குளித்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுங்கள். அடி விழும் என்று பயந்து பிள்ளைகள் மறைப்பார்கள். அவர்களுடைய கூட்டாளிகளிடம் விசாரியுங்கள்.