தோல் எண்ணிக்கை சரி, சதுர அடி இடிக்கிறதா?

வணக்கம் சார். ராணிப்பேட்டை டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) எஸ்ஏபி என்ற கணக்கு-சரக்கு நிர்வாக மென்பொருள் வந்த பிறகு தோல் எண்ணிக்கை சரியாக வருகிறது, சதுர அடி மட்டும் மாதாமாதம் உதைக்கிறது, அடிப்படை அலகையே (சிஸ்டம் இருப்பைக் கணக்கு வைக்கும் அலகை) மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். இருப்போ முடியாத பர்ச்சேஸ் ஆர்டரோ இருக்கும்வரை சிஸ்டம் விடாது. சிக்கல் வேறு இடத்தில்: மெட்டீரியல் மாஸ்டரில் (சரக்கின் அடிப்படை விவரப் பதிவில்) ஒரு தோலுக்கு இத்தனை சதுர அடி என்று நிலையான விகிதம் போட்டிருப்பார்கள், ஆனால் எந்த இரண்டு தோலும் ஒரே அளவு கிடையாது, அப்புறம் அளவு மெஷின் காட்டுவதும் சிஸ்டம் பெருக்கிச் சொல்வதும் எப்படி ஒத்துப்போகும்?

பேட்ச் மேனேஜ்மென்ட்டோடு (சரக்கைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கணக்கு வைக்கும் முறையோடு), பேட்சுக்குப் பேட்ச் விகிதம் மாறும் அலகு வசதி எஸ்ஏபியிலேயே இருக்கிறது, எஸ்ஏபி கன்சல்டன்ட்டிடம் அதைக் கேளுங்கள். இருப்பு உள்ள மெட்டீரியலில் பேட்ச் டிக் விழாது என்பதால் புது மெட்டீரியல் நம்பர் போட்டு, 309 மூவ்மென்ட்டில் (ஒரு மெட்டீரியலின் இருப்பை இன்னொன்றுக்கு மாற்றும் எஸ்ஏபி பதிவில்) சரக்கை மாற்றுங்கள், இரண்டுக்கும் அடிப்படை அலகு ஒன்றாக இருக்கட்டும். எக்செல்லில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளவே கூடாது சார், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பில் போவது சதுர அடியில்தான்.